நாற்பத்தேழுக்குப் பிடித்த பாட்டு

வெலிங்டன்
6 அக்டோபர் 1996

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது. இந்த ஊரில் அதற்கு ஓய்வே கிடையாது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் மாடுகளும் சுகமா?

பல நாளாகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்க்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆள் இல்லை. கடைசியில் உன் பக்கத்துப் பண்ணை பெவர்லியைக் கூப்பிட்டேன். "ஃபோனைச் சுவத்துலேர்ந்து புடுங்கி வெச்சிருக்கா. ஏன்னு என்னைக் கேக்காதீங்க, அவளையே கேளுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் டனீடன் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது மாப்பிள்ளை டங்கன் தலையில் கட்டோடு கண்மூடிக் கிடந்தார். மாடுகள் கன்று ஈனும் நேரத்து அவசரத்தில் பள்ளத்து ஓரமாக நாலு சக்கர பைக்கை ஓட்டிப்போய்க் கவிழ்த்துக்கொண்டவர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. நடக்கிறாரா, பேசுகிறாரா? பால் யார் கறக்கிறார்கள்? நிலத்துக்காரர் கிரீவ் என்ன சொல்கிறார்? அடுத்த ஜூன் ஒன்றாம் தேதி, பண்ணை ஒப்பந்தங்கள் கைமாறுகிற நாளில், சவுத்லாந்து ரோடு முழுக்க மந்தை ஏற்றிக்கொண்டு இடம் மாறுகிறவர்களின் லாரியாக இருக்குமே, அதில் உங்கள் லாரியும் ஒன்றாகிவிடக் கூடாது என்றுதான் என் கவலை.

நான் வந்து கூட நிற்கவா? நான் இல்லாவிட்டால் இசைக் கடை படுத்துவிடாது என்று முதலாளியம்மா ஹெஸ்தர் தினமும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
ஸ்டூவர்ட்


வின்டன்
19 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். உன் முழங்காலுக்கு ஆட்டுத்தோல் சுற்றிக்கொள் என்றால் நீ கேட்கப் போவதில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

டங்கன் நன்றாக இருக்கிறார். நடக்கிறார், சாப்பிடுகிறார். தொலைபேசி மணி மட்டும் காதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீ வர வேண்டாம். காலையும் மாலையும் பெவர்லி கூட நிற்கிறாள், கறந்துவிடுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், தினமும் எதையாவது வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். பேப்பரை வாசித்தால் அரசாங்கத்தின் மேல் கோபம் வருகிறது. பைபிளை வாசித்தால் தூக்கம் வருகிறது. கடைசியில் கடிதம்தான் ஒத்து வந்தது. வருகிற கடிதத்தையும் நான் எழுதுகிற கடிதத்தையும் அவர்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறார், அதற்குப் பிறகுதான் உறையை ஒட்டுகிறேன். அதனால் உன் கையெழுத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள். "ஒங்க அண்ணன் கோழியைப் புடிச்சு எழுத வெச்சிருக்காரா?" என்று கேட்டார்.

இப்போது உன்னிடம் ஓர் உதவி. எங்கள் மந்தையில் நாற்பத்தேழாம் எண் பசு ஒன்று இருக்கிறது. நல்ல பசு, கொட்டகைக்கு எப்போதும் அதுதான் முதலில் வரும். ஆகஸ்டில் பள்ளத்தில் விழுந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் சத்தம் தாங்க மாட்டேன் என்கிறது. கறவை இயந்திரத்தைப் போட்டால், கதவு இடித்தால், வாளி உருண்டால் வெறி பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கொட்டகைப் பக்கமே வருவதில்லை.

கிரீவ் மார்ச்சுக்குள் பதில் கேட்கிறார். நிலம் அவருடையது, மாடுகள் எங்களுடையவை, இதில் யாரும் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. நாற்பத்தேழு கொட்டகைக்குத் திரும்பினால் இங்கேயே இருப்போம். திரும்பாவிட்டால் எல்லாவற்றையும் யோசிக்க வேண்டியதுதான்.

மனதை அமைதிப்படுத்துகிற இசை கேட்டால் குணமாகும் என்கிறார்கள். நீதான் நாள் முழுக்க ஆல்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறாயே. நாற்பத்தேழுக்கு ஏற்றதாக ஒன்றிரண்டு கேசட் அனுப்பு.

அன்புடன்
லோர்னா


வெலிங்டன்
2 நவம்பர்

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து எழுதுகிறேன். மாப்பிள்ளை கோழியை மன்னிக்கட்டும்.

ஒரு மாட்டுக்காக ஒரு மந்தையின் தலையெழுத்தே நிற்கிறதா என்று முதலில் விளங்கவில்லை. ஆனால் முதலில் வரும் பசு நின்றுவிட்டால் பின்னால் வருவதெல்லாம் கலைந்துவிடும் என்பது நம் வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியாததா? ஹெஸ்தரிடம் போய், "ஒரு பசுவுக்கு இசை வேணும்" என்றேன். கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டாள்: "சாஸ்திரிய சங்கீதமா, பாப் பாட்டா? அதுக்கு எது புடிக்கும்னு கேட்டீங்களா?" ஒரு பசு இரண்டு ஆல்பம் வாங்கினால் மூன்றாவது இலவசம் என்று வாசலில் எழுதி வைக்கப் போகிறாளாம்.

மூன்று கேசட் அனுப்பியிருக்கிறேன். ஒன்று வயலின், மூன்று பேர் வாசிப்பது. ஒன்று கடல் அலைச் சத்தம். ஆபீஸ்காரர்கள் இதை நிறைய வாங்குகிறார்கள். ஒன்று தனி பியானோ, சொட்டுச் சொட்டாக விழும்.

அம்மா மிரண்ட மாட்டுக்கு என்ன செய்வாள் என்று நினைவிருக்கிறதா? கறக்கிற நேரத்தில் உள்ளே இழுக்க மாட்டாள். கொட்டகை காலியாக இருக்கும்போது கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். அதுவாக உள்ளே வந்து, மோந்து பார்த்துவிட்டு, திரும்பிப் போகும். யாரும் பார்க்கக் கூடாது, யாரும் பாராட்டவும் கூடாது. செய்து பார்.

உன் அண்ணன்
ஸ்டூவர்ட்


வின்டன்
24 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

சுகம். கேசட்டுகளுக்கு நன்றி. ஹெஸ்தர் அம்மாவுக்கும் நாற்பத்தேழின் சார்பில் நன்றி சொல்.

வயலின் உதவவில்லை. சுருதி மேலே போகும்போதெல்லாம் நாற்பத்தேழு பல்வலி வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது. கடல் அலையைப் போட்டால் மூன்று முறை மூத்திரம் போய்விட்டு வந்தது. ஆபீஸ்காரர்கள் எப்படித்தான் வேலை செய்கிறார்களோ தெரியவில்லை. பியானோ பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு சொட்டு விழுந்த பிறகு அடுத்தது எப்போது விழும் என்று காத்துக்கொண்டே இருக்கிறது. தோளெல்லாம் இறுகிப்போகிறது. அதைப் பார்த்து எனக்கும் இறுகிப்போனது.

போன வியாழக்கிழமை சரியாக இல்லை. பெவர்லி சீஸ் ரோல் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். சமையலறையில் ஏதோ சொல்லிச் சத்தமாகச் சிரித்துவிட்டாள். நாற்பத்தேழு தட்டோடு தூக்கிச் சுவரில் எறிந்துவிட்டது. பெவர்லி பாவம், குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். அப்புறம் அது என் பக்கத்தில் வந்து ரொம்ப நேரம் நின்றது. என்ன செய்வதென்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அது கெட்ட மாடு இல்லை அண்ணா. ஒருநாளும் யாரையும் முட்டினதில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வேறு ஏதாவது இருந்தால் அனுப்பு.

லோர்னா


வெலிங்டன்
3 டிசம்பர்

என் அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்று இந்த முறை பழக்கத்துக்காக எழுதவில்லை.

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே வாசித்தேன். கடல் அலை வரைக்கும் சிரித்தேன். சீஸ் ரோலுக்கு வந்ததும் கடைக்கு வெளியே போய் மழையில் நின்றேன். நம் வீட்டில் மாடு என்று எழுதினால் அது மாடுதான். பக்கம் பக்கமாக மாட்டைப் பற்றியே எழுதி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் எனக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறியது. ஏறிவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை.

நாற்பத்தேழு கெட்ட மாடு இல்லை என்று நீ எனக்குச் சொல்ல வேண்டுமா? நம் அப்பாவின் கடைசி அறுவடையில் ஊரெல்லாம் சாக்குச் சொன்னபோது தானாக வந்து நின்றது அது ஒன்றுதான். நான் மறக்கவில்லை.

பசு ஜோக்கை ஹெஸ்தரிடம் நிறுத்தச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ஒக்காருங்க, சேர்ந்து தேடுவோம்" என்றாள். கடை சாத்திய பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கேட்டோம். நான் இதுவரை தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன், லோர்னா. மெதுவாக இருந்தால் அமைதி என்று நினைத்தேன். இல்லை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்தால்தான் அமைதி. அந்த பியானோ ரொம்ப மெதுவு, ஆனால் எங்கே அடி வைக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளத்தில் விழுந்த உயிருக்கு அது ஆகாது.

இப்போது இரண்டு அனுப்புகிறேன். ஒன்று செல்லோ, தனியாக ஒரே ஓர் ஆள். வயலினுக்குப் பெரியப்பா மாதிரி கனத்த குரல், போன வழியிலேயே திரும்பி வரும். இன்னொன்று ஷோனா பிரைடி என்று ஒரு பெண், இங்கே நெல்சன்காரி, கிடார் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடுகிறாள். இப்போதைய பாப் பாட்டுத்தான், ஆனால் பக்கத்து அறையில் யாரோ துணி மடித்துக்கொண்டே பாடுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பாட்டிலும் அதே இரண்டு வரி திரும்பத் திரும்ப வருகிறது. கடைக்கு வருகிற இளசுகள் சோம்பேறிப் பாட்டு என்கிறார்கள். நாற்பத்தேழுக்கு அதுதான் வேண்டும். கெட்டில் சத்தத்துக்கும் கீழே இருக்கும்படி வைத்துக் கேட்கட்டும்.

நீயும் கேள்.

உன் அண்ணன்
ஸ்டூவர்ட்


வின்டன்
5 ஜனவரி 1997

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்துகள். கிறிஸ்துமஸுக்கு ஹாமும் புது உருளைக்கிழங்கும் பட்டாணியும். பாவ்லோவா கேக் நடுவில் உள்வாங்கிவிட்டது, பள்ளத்தில் ஸ்ட்ராபெரி போட்டு மறைத்தேன். நீ என்ன சாப்பிட்டாய்? கடைத்தெருவில் வாங்கித் தின்றேன் என்று எழுதாதே.

நன்றி சொல்ல எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு வாரம் போய்விட்டது.

செல்லோவைப் போட்டதும் நாற்பத்தேழு வேலியோரம் நின்றுவிட்டது. முடியும்வரை அசையவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது வலிக்கிற தண்ணீர் இல்லை. நான் பார்க்காத மாதிரி துணி காயப்போட்டேன்.

ஷோனா பிரைடியைத்தான் தினமும் கேட்கிறது. அந்தப் பெண் கேசட்டில் இருக்கிறாள் என்பதே மறந்துவிட்டது, வீட்டில் ஓர் ஆள் கூடிவிட்ட மாதிரி இருக்கிறது. விபத்துக்குப் பிறகு முதல் முறையாக நாற்பத்தேழு தொடர்ந்து தூங்குகிறது. நானும் தூங்குகிறேன். நான் தூங்கவில்லை என்று உனக்கு எழுதியிருக்கவில்லை, இல்லையா? இப்போது எழுதிவிட்டேன்.

அம்மாவின் வைத்தியத்தையும் செய்து பார்த்தேன். கறந்து முடித்துக் கழுவிவிட்ட பிறகு கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள் ஈரத் தரையில் காலடி பார்த்தேன். யாரும் பாராட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாயே, பல்லைக் கடித்துக்கொண்டு களை பிடுங்கினேன்.

ஆனால் இயந்திரம் ஓடினால் வராது. பாட்டைச் சத்தமாக வைத்தால் இரண்டும் சேர்ந்து அடிக்கிறது, இன்னும் மோசம். கிரீவ் வேலியோரம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகிறார், ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாலும் தேவலை.

உனக்கும் ஹெஸ்தர் அம்மாவுக்கும் என் நன்றி. கேக் அனுப்பியிருக்கிறேன், பாதியை அவளுக்குக் கொடு.

அன்புடன்
லோர்னா


வெலிங்டன்
14 ஜனவரி

அன்புத் தங்கைக்கு,

நலம். கேக் வந்தது. பாதி அல்ல, முக்கால்வாசியை ஹெஸ்தர் எடுத்துக்கொண்டாள். "மாட்டு டாக்டர் ஃபீஸ்" என்றாள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் வாசிப்பு எப்படிப் போகிறது?

எனக்கு ஒன்று தோன்றுகிறது, சரியா என்று தெரியவில்லை. கொட்டகைச் சத்தத்தை மூடி மறைக்கப் பார்த்தோம். மறைக்க முடியாது. அது என்ன சத்தம் என்று நான் கேட்க வேண்டும். வீட்டை விட்டு வந்து எத்தனையோ வருடம் ஆகிறது, இப்போதைய இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு வெற்றுக் கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, மாலைக் கறவை முழுவதையும் பதிந்து அனுப்பு. பேசாதே, பாடாதே, பெவர்லியைச் சிரிக்க விடாதே.

உன் அண்ணன்
ஸ்டூவர்ட்


வின்டன்
1 பிப்ரவரி

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சுகம். கேசட் இத்துடன் இருக்கிறது. நடுவில் கேட்கிற இருமல் பெவர்லியுடையது. சிரிப்பை அடக்கினால் அவளுக்கு இருமல் வருகிறது.

"வெலிங்டன்ல பாட்டெல்லாம் தீந்துபோச்சா? நம்ம மாட்டுச் சத்தத்தை எதுக்குக் கேக்கறாரு?" என்கிறாள். எனக்கும் தெரியாது என்றேன். ஆனால் யாரோ ஒருவர் வெகுதூரத்தில் உட்கார்ந்து எங்கள் கொட்டகையைக் காது கொடுத்துக் கேட்கப் போகிறார் என்பதே எனக்குப் போதும்.

லோர்னா


வெலிங்டன்
12 பிப்ரவரி

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கடையின் நல்ல ஸ்பீக்கரில் உன் கொட்டகையைப் போட்டோம். உள்ளே வந்த ஒரு பையன், "இது எந்த பேண்டு? எங்க கெடைக்கும்?" என்று கேட்டான். விற்பனைக்கு இல்லை என்றேன்.

முதலில் ஒரே இரைச்சல். கண்ணை மூடிக் கேட்டால் அடியில் ஒன்று இருக்கிறது. பாலை உறிஞ்சி விடுகிற பல்சேட்டர் டிக், டிக் என்று ஒரே சீராக அடிக்கிறது, வினாடி முள் மாதிரி. கதவு இடிக்கட்டும், வாளி உருளட்டும், மாடு கத்தட்டும், அது மாறவே இல்லை. அந்தக் கொட்டகையில் அடுத்து என்ன வரும் என்று நிச்சயமாகத் தெரிகிற ஒரே சத்தம் அதுதான், லோர்னா. அதைப் போய் நாம் மூடப் பார்த்தோமே.

அந்த நடையில் போகிற பாட்டுகளைத் தேட ஆரம்பித்தோம். ஹெஸ்தர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். சாஸ்திரிய ஆல்பங்கள் பெரும்பாலும் நடுவில் நடையை மாற்றிக்கொண்டுவிடுகின்றன. இரண்டே இரண்டு செல்லோ தேறியது. மற்றதெல்லாம் பாப்தான்: ஷோனா பிரைடி நான்கு, ஹவாய்க்காரர் ஒருவர் இழுத்து இழுத்து வாசிக்கிற கிடார், ஆக்லாந்தில் அண்ணன் தம்பிகளாகச் சேர்ந்து பாடுகிற சமோவாக்காரர்களின் தாலாட்டு மாதிரி ஒன்று. எல்லாம் அந்த டிக், டிக்கோடு கால் சேர்த்து நடக்கும். இரண்டு பக்கமும் நிரப்பியிருக்கிறேன்.

முதலில் வீட்டில் கேட்கட்டும். பிறகு கொட்டகையில், இயந்திரம் ஓடும்போது. இயந்திரம் பாட்டுக்குத் தாளம் போடுகிற மாதிரி இருக்கும். பாட்டு நின்றாலும் தாளம் நிற்காது.

பலிக்குமா என்று தெரியாது. பலிக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டிருக்கிறேன். அவரிடம் நான் எதுவும் கேட்டு வெகு நாளாகிறது, முகம் மறந்திருக்கலாம்.

உன் அண்ணன்
ஸ்டூவர்ட்


வின்டன்
2 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்துக்கும் பிறகு வந்த இரண்டு அட்டைகளுக்கும் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள். உன் உடம்பு தேவலையா? இங்கே குளிர் வந்துவிட்டது.

கேசட் பலித்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிப்ரவரி கடைசியில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தேழு கொட்டகை வாசலில் வந்து நின்றது. மறுநாள் உள்ளே வந்தது. நான் மடி துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன்.

அதற்கு அடுத்த நாள் கறவை பாதியில் இருக்கும்போதே கேசட் முடிந்துபோனது. பெவர்லி நல்லெண்ணத்தில் ரேடியோவைப் போட்டாள். குதிரைப் பந்தயம், கடைசிச் சுற்று, அந்த ஆள் கத்துகிற கத்தல். நாற்பத்தேழு பின்னால் திரும்பி ஓடிச் சிமெண்ட் தரையில் விழுந்தது. அடி பெரிதில்லை. ஆனால் அன்றிலிருந்து உள்ளறையை விட்டு வரவில்லை. டேப் ரெக்கார்டரை அதுவே அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டது. பெவர்லி மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கிரீவ் மார்ச் தாண்டியும் பொறுத்துக்கொண்டார். வரும் ஞாயிறு மாலை வருகிறார். அடுத்த சீசனுக்கு நாங்கள் இல்லை என்று சொல்லப் போகிறேன். மந்தையை விற்றுவிடுவோம்.

நாற்பத்தேழை மட்டும் விற்க மாட்டேன். டவுனில் சின்னதாக ஒரு வீடு, பின்னால் கொஞ்சம் புல் இருந்தால் போதும். அதை என்னோடு வைத்துக்கொள்வேன். பால் கொடுக்க வேண்டாம், எதுவும் கொடுக்க வேண்டாம். இருந்தால் போதும்.

நீ செய்ததெல்லாம் வீணாகிவிட்டது என்று நினைக்காதே. இந்த ஆறு மாதத்தில் நான் சாய்ந்துகொண்டது உன் கடிதங்களில்தான். நன்றி அண்ணா.

லோர்னா


வின்டன்
20 ஏப்ரல்

மச்சானுக்கு,

டங்கன் எழுதுகிறேன். கை நடுங்குகிறது. கோழி என்று உங்களைச் சொன்னது திரும்பி என் மேலேயே விழுந்துவிட்டது. லோர்னா சர்ச்சுக்குப் போயிருக்கிறாள். இதைப் பெவர்லி தபாலில் போடுவாள். லோர்னாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்கள் சுகமா? எனக்குச் சுகம். இந்த முறை உண்மையாகவே.

நாற்பத்தேழாம் எண் பசுவை இரண்டு வருடம் முன்பு நான்தான் விற்றேன். எனக்கு வயதும் நாற்பத்தேழு. அந்த எண்ணையாவது மாற்றிப் போட்டிருக்கலாம். முதல் கடிதத்தை வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது. அதோடு, மாடு சீஸ் ரோல் தின்னாது மச்சான்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். வருகிறவன் எல்லாம், "தலை எப்படி இருக்கு?" என்பான். "பரவால்ல" என்பேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது, விழுவதற்கு முன்னும் வராது. லோர்னாவின் கடிதத்தில்தான் எனக்கு என்ன ஆகிறது என்று நானே முதலில் கேட்டேன். அந்தப் பியானோவுக்கு ஏன் தோள் இறுகியது என்று எனக்கே தெரியாது, நீங்கள் எழுதினீர்கள். மனுஷனாக இருந்திருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். மாடாக இருந்ததால் கேட்டுக்கொண்டிருக்க முடிந்தது.

"அது கெட்ட மாடு இல்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அதை வாசிக்க எனக்கு மூன்று தடவை ஆனது. நாக்கு திக்குகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

போன கடிதத்தில், நாற்பத்தேழை மட்டும் விற்க மாட்டேன் என்று எழுதியிருந்தாளே, அதையும் நான்தான் வாசித்தேன். எதுவும் கொடுக்க வேண்டாம், இருந்தால் போதும் என்று. கடைசிவரை வாசித்து, மடித்து, உறையில் போட்டு நானே ஒட்டினேன். அப்புறம் அலமாரியைத் திறந்தேன். மூன்று நாள் அந்தக் கேசட்டைக் காதோரம் வைத்துக் கேட்டேன்.

கிரீவ் வருவதாக இருந்த அந்த ஞாயிறு மாலை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கொட்டகைக்குப் போனேன். பாட்டைப் போட்டேன். காலுக்கு அடியில் டிக், டிக் இருந்தது. லோர்னாவிடம், "கொஞ்சம் தள்ளிக்கோ" என்றேன். தள்ளிக்கொண்டாள். ஏற்கனவே கழுவின முற்றத்தைத் திரும்பவும் போய்க் கழுவினாள், ரொம்ப நேரம். கைகள் எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தன மச்சான். வாளி ஒன்று உருண்டது. கண் இருட்டியது. தாளத்தைப் பிடித்துக்கொண்டேன், தாண்டிவிட்டது.

கிரீவ் வந்தார். கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு ஒரு வரிசை மாடு முடியும்வரை நின்றார்.

"தலை எப்படிப்பா இருக்கு?"

"கழுத்துமேலதான் இருக்கு."

"அடுத்த சீசன்?"

"இங்கதான்."

"சரி" என்றார். போய்விட்டார்.

முழுசாகச் சரியாகவில்லை. ஒரு வேளைதான் கறக்கிறேன், மறு வேளை படுத்துவிடுகிறேன். ரேடியோவைப் பெவர்லி தானே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பரவாயில்லை, இந்த ஒரு வேளை என்னுடையது. அதைக் கொடுத்தது நீங்களும் உங்கள் தங்கையும் அந்த ஹெஸ்தர் அம்மாவும். நன்றி என்ற வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை. பேச்சுப் பயிற்சிக்காரிக்காகக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன், வருகிறது. நன்றி மச்சான்.

ஓர் உதவி. லோர்னாவுக்கு எழுதும்போது பசுவை விட்டுவிடாதீர்கள். எனக்குச் சரியாகிவிட்டது என்று அவளும் அதைப் பற்றி எழுதுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. அவள் என் முகத்தைப் பார்த்து அதெல்லாம் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். நாங்கள் அப்படித்தான். உங்களுக்கு எழுதினால் நான் வாசிப்பேன்.

டங்கன்


வெலிங்டன்
1 ஜூன் 1997

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

நான் நலம். ஆட்டுத்தோல் சுற்றிக்கொண்டேன், முழங்கால் வாயை மூடிக்கொண்டது. சொன்னது சரிதான், போதுமா?

நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள் என்று நீ எழுதிய கடிதத்தை ஹெஸ்தருக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். உன் கொட்டகைக் கேசட்டை அவள் எனக்குத் திருப்பித் தர மறுக்கிறாள். கணக்குப் பார்க்கும்போது போட்டுக் கேட்கிறாளாம், மனசு அடங்குகிறதாம்.

இன்று ஜூன் ஒன்று. அங்கே ரோடெல்லாம் மாட்டு லாரியாக இருக்கும். உன் வாசல் கேட் மூடியிருக்கிறது என்று நினைத்துப் பார்க்கும்போது எனக்கு இங்கே இருப்புக் கொள்ளவில்லை. அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆனால் போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டாய். கன்றுகளைப் பற்றி எழுதினாய், புல்லைப் பற்றி, பெவர்லியின் புதுக் காரைப் பற்றி எழுதினாய். முக்கியமானவரைப் பற்றி ஒரு வரி இல்லை. மாப்பிள்ளைக்கும் வாசிக்க ஏதாவது வேண்டாமா? குளிர்காலத்தில் கறவை இல்லை, உனக்கு நேரம் இருக்கும். ஒரு பக்கமாவது எழுது.

நாற்பத்தேழு எப்படி இருக்கிறது? உடம்பு சுகமா?

உன் அண்ணன்
ஸ்டூவர்ட்